மாடு இல்லாத தெருவில் கழனித் தண்ணி

புதன்கிழமை காலையில் எங்கள் தெருவை நீங்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு நடைபாதை ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு பச்சைத் தொட்டி வந்து நிற்கும். எல்லாத் தொட்டியின் கைப்பிடியும் ஒரே பக்கம் பார்த்திருக்கும், எல்லா மூடியும் பூட்டியிருக்கும். காலைப் பிரேயருக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி அப்படி ஓர் ஒழுக்கம். குப்பைக்குப் பூட்டா என்று வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இங்கே ரக்கூன் என்று ஒரு பிராணி உண்டு. பூனைக்கும் குரங்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கண்ணைச் சுற்றி மை அப்பியிருக்கும், கை மட்டும் அச்சு அசல் குழந்தைக் கை. அது திறந்து கடைபரப்பிவிடும் என்பதற்காகத்தான் பூட்டு. தொட்டியின் பெயர் கிரீன் பின். சமையலறையில் நாம் உரிப்பது, சீவுவது, தட்டில் ஒதுக்குவது எல்லாம் அதற்குள் போய், ஊருக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் எருவாகி, மறுபடி நிலத்துக்கே போகிறதாம். எலும்புகூடப் போடலாம், டீத்தூள் பையும் போடலாம், கை துடைத்த காகிதமும் போடலாம். பிளாஸ்டிக் கூடாது. தண்ணீராக எதுவும் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் ஒரு வீடே கையைவிட்டுப் போகப் பார்த்தது.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில், பெரிதும் இல்லாத சிறிதும் இல்லாத ஒரு நகரம். என் கணவர் சேகர் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தவர். இங்கேயும் அதே வேலைதான், சட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரு பழைய செங்கல் வீட்டின் நிலவறையில் குடியிருக்கிறோம். பேஸ்மெண்ட் என்பார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் போகிறவர்களின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. மேலே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவிலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவர், பெயர் லூர்தெஸ். செங்கல்பட்டுப் பக்கத்தில் எத்தனை லூர்து மேரிகளை நான் பார்த்திருக்கிறேன்! அதனால் எங்கள் வாயில் அவர் முதல் நாளே லூர்தம்மா ஆகிவிட்டார்.

இந்த வீடு கிடைத்ததே பெரிய விஷயம். இதற்கு முன் போய்ப் பார்த்த இடங்களில், இந்தியச் சமையல் என்றதும் மூக்கைச் சுருக்கி, போன் செய்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். போன் வந்ததே இல்லை. லூர்தம்மா மட்டும், "நானும் மீன் பொரிப்பவள்தான், உள்ளே வா" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. மார்ச் வரைக்கும்தான் பேச்சு, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். அவருடைய மகன் இந்தக் கீழ்வீட்டைத் தன் பெண்ணுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மகளின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், சேகரின் பஸ் தெருமுனையில் வரும். இந்த வீட்டைவிட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் நான் அடி மேல் அடி வைத்து நடந்தேன். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்தேன், கருவாட்டை ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து வறுத்தேன். வாசனையில் மாட்டாமல் தப்பித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் அரிசி கழுவின தண்ணீரில் மாட்டினேன்.

இதற்கு நான் வளர்ந்த கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டு வர வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வரிசையாக வீடுகள் இருக்கும் ஒரு காம்பவுண்டில் எங்கள் வீடு. அப்பா அங்கேயே சின்னதாக மளிகைக்கடை வைத்திருந்தார். காம்பவுண்டில் எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு பழைய பெயின்ட் பக்கெட் இருக்கும். அரிசி களைந்த தண்ணி, வடித்த கஞ்சி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில். அதுதான் கழனித் தண்ணி. பின்தெருவில் மாடு வைத்திருந்த முனியம்மா அக்கா சாயந்திரம் வந்து எல்லாப் பக்கெட்டையும் தன் டிரம்மில் கவிழ்த்துக்கொண்டு போவார். சும்மா எடுத்துக்கொண்டு போகமாட்டார்; பக்கெட்டுக்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்ப்பார். எலுமிச்சைத் தோல் கூடாது. முருங்கைச் சக்கை கூடாது, தொண்டையில் மாட்டும். பழைய சோறு அதிகம் கூடாது, மாட்டுக்கு வயிறு உப்பிவிடும். பிளாஸ்டிக் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குக் காம்பவுண்டே நடுங்கும். "யார்ட்டு வேல இது? மாடு செத்தா உன் வூட்டுல பால் கறப்பியா?" என்று அவர் கேட்டால் எல்லாரும் ஓடிவந்து அவரவர் பக்கெட்டை எட்டிப் பார்ப்பார்கள். எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத சட்டம் அது. ஆனால் ஒரு வீடு மீறியதில்லை.

மீறியவர் ஒருவர் உண்டு, அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். சேகருக்கு ஊர் திருவிடந்தை, கடற்கரைப் பக்கம். அங்கே மீன் கழுவின தண்ணீரும் செதிலும் நேராகத் தென்னைக்குப் போகும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், மாமியாருக்கு உதவி செய்கிறேன் என்று வஞ்சிரம் கழுவிய தண்ணியைக் கொண்டுபோய்க் கழனிப் பக்கெட்டில் ஊற்றிவிட்டார். முனியம்மா அக்கா மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், புதுமாப்பிள்ளையை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "இன்னா நைனா, எம் மாடு மீன் கொயம்பு துன்னும்னு உனுக்கு யாரு சொன்னது?" என்றார். காம்பவுண்டில் ஆறு மாதத்துக்கு அவர் பெயர் மீன் கொயம்பு மாப்பிள்ளைதான். ஆனால் அதே முனியம்மா அக்கா, மாடு கன்று போட்டதும் சீம்பால் காய்ச்சி, கழனி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளைக்கென்று தனிக் கிண்ணம். நாம் வேண்டாம் என்று ஒதுக்கியது வேறொரு வாய்க்குப் போய், இனிப்பாகத் திரும்பி வருகிறது என்பதை எனக்குப் பாடமாக யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கிண்ணம்தான் சொல்லித்தந்தது. இப்படி வளர்ந்தவளுக்கு அரிசி கழுவின தண்ணியைச் சிங்க்கில் ஊற்றக் கை வருமா, நீங்களே சொல்லுங்கள்.

வரவில்லை. அதனால் இங்கேயும் ஒரு பக்கெட் வைத்தேன். தண்ணியும் கஞ்சியும் தோலும் சேரச் சேர, செவ்வாய்க்கிழமை மாலை மொத்தத்தையும் பச்சைத் தொட்டியில் கவிழ்த்துவிடுவேன். எருவாகப் போகிறதுதானே, தண்ணி இருந்தால் இன்னும் நல்லதாயிற்றே என்பது என் கணக்கு. நாங்கள் குடிவந்த நவம்பரிலும் டிசம்பரிலும் பெரிய குளிர் இல்லை, குப்பை வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அவர் கையுறையெல்லாம் என் கஞ்சி வழிந்திருக்கும். பிறகு ஜனவரி வந்தது. செவ்வாய் மாலை கவிழ்த்தேன், வழக்கம்போலத் தெருவில் கொண்டுபோய் வைத்தேன். விடிந்தபோது தொட்டிக்குள் இருந்தது கழனித் தண்ணி இல்லை, கருங்கல். வாழைத்தோலும் கேரட் சீவலும் உள்ளே பூப்போட்ட மாதிரி தெரிய, ஒரே பாளமாக உறைந்து கிடந்தது.

வண்டிக்காரர் கவிழ்த்துப் பார்த்தார், வரவில்லை. விளிம்பில் வைத்துத் தட்டிப் பார்த்தார், படீரென்று தொட்டியில் ஒரு விரிசல் விழுந்தது. ஜன்னலில் அவருடைய பூட்ஸ் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பூட்ஸ் எங்கள் வாசலை நோக்கித் திரும்பி வந்தது. கதவைத் தட்டி, இரண்டு கையாலும் எதையோ தூக்கி, தூக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்வதுபோல் நடித்துக் காட்டினார். கோபமே இல்லை அந்த முகத்தில். போகும்போது தொட்டியின் மேல் ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். திரவம் ஏற்கப்படாது என்று அதில் இருந்தது. தொட்டி நகராட்சியின் கணக்கில் வீட்டுக்காரர் பெயரில் இருப்பது. ஸ்டிக்கர் எனக்கு ஒட்டியதில்லை, லூர்தம்மாவுக்கு ஒட்டியது.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். விரிசல் விட்ட தொட்டியைப் பார்த்தார், குனிந்து அந்த வெள்ளைப் பாளத்தைப் பார்த்தார். "வாட் இஸ் திஸ்? மில்க்?" என்றார். "ரைஸ் வாட்டர்" என்றேன். எதற்கு இவ்வளவு சேர்த்து வைத்தாய் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் டி.வி. பார்த்தும் பஸ்ஸில் பேசியும் கற்றுக்கொண்டது. நிதானமாக இருந்தால் வரும், பயந்தால் ஓடிப்போகும். "ஃபார் கவ்" என்றேன். "வாட் கவ்?" என்றார். "நோ கவ் ஹியர். கவ் இன் இண்டியா." இந்தியாவில் இருக்கும் மாட்டுக்கா இங்கே தண்ணி சேர்க்கிறாய் என்று அவர் கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "யெஸ்" என்றேன். பயத்தில் எனக்கு யெஸ் தவிர வேறு எதுவும் வராது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சேகர் வேலை முடிந்து வந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா சொல்லி வெச்சிகீற நீ? நாம மாடு வளக்குறோம்னு நென்ச்சிக்கப் போறாங்க. அக்ரிமென்டுல பூனகூட கூடாதுன்னு போட்டுகீது!"

"பேஸ்மென்டுல எவனாவது மாடு வளப்பானா? அவங்களுக்குத் தெரியாதா?"

"உறஞ்ச கஞ்சிய தெருவுல வெச்சவள பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? எது வேணா நம்புவாங்க. மார்ச்சுல காலி பண்ணுன்னா, புள்ளய தூக்கிகினு இந்தப் பனியில எங்க போறது?"

மறுநாள் லூர்தம்மாவின் மகன் வந்தார். ஹீட்டரைப் பார்க்க வேண்டும் என்றார். ஹீட்டரைப் பார்த்தார். பிறகு அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து திரைச்சீலையை விலக்கியபோதுதான் எனக்கு உறைத்தது: மனுஷன் பசுமாட்டைத் தேடுகிறார். சிரிப்பு ஒரு பக்கம் முட்டியது, அழுகை ஒரு பக்கம் முட்டியது. "நோ அனிமல்" என்றேன். "ஒன்லி பக்கெட்." அவர் தலையாட்டிவிட்டு, அம்மாவுக்கு வயதாகிறது, இதையெல்லாம் அவரால் சமாளிக்க முடியாது, மார்ச்சில் முடிவு செய்வோம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றைக்கு என் நாத்தனார் அமுதா வீடியோவில் வந்தாள். அவள் இப்போது கூடுவாஞ்சேரியில் ஓர் அபார்ட்மெண்டில் இருக்கிறாள். முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "பிளேன் ஏறிப் போயி கழனி கரைச்சிகினு கீறியே அண்ணி! முனியம்மாக்காவ பக்கெட்டோட அடுத்த பிளேன்ல ஏத்தி உடட்டா?"

"சிரிக்காதடி. வூடு போயிடும் போலகீது."

"இங்க மட்டும் இன்னா வாழுது? நேத்து குப்ப வண்டி அக்கா எம் பக்கெட்ட வாசல்லயே கவுத்துட்சி. பாம்பர்ஸையும் வாழத்தோலையும் ஒண்ணா போட்ருக்கியே, இது மக்கும் குப்பயா மக்காத குப்பயா, நீயே சொல்லும்மான்னு நிக்குது. மூணாவது மாடி வரிக்கும் எட்டிப் பாக்குறாங்க. ஒரே பேஜாரு." பிறகு குரலை இறக்கி, "அண்ணி, அந்தம்மாகிட்ட நேரா போயி பேசு. உன் வாய்க்கு மசியாத ஆளு உண்டா?" என்றாள். ஊரில் என் வாய்க்கு ஒரு பெயர் உண்டு என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த வாய் தமிழ் பேசும் வாய். அதை நான் விமான நிலையத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

பேசுவதற்கு முன் தப்பைச் சரிசெய்துவிடுவோம் என்று நினைத்தேன். துணி துவைக்கும் அறை கீழேதான் இருக்கிறது, நல்ல கதகதப்பு. தொட்டியை இழுத்துக்கொண்டு வந்து டிரையர் ஓரமாக வைத்தேன். பாளம் உருகினால் தண்ணியை வடித்துவிட்டு, மிச்சத்தைக் காகிதத்தில் கட்டிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். அந்த விரிசலை மறந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் புளித்த கஞ்சி தரையெல்லாம் ஓடியது. வாசனை படியேறி மேல்வீட்டுக்குப் போய்விட்டது. நான் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருக்கும்போதே படியில் லூர்தம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் கடைசிப் படியில் நின்று மூச்சை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். "லவாஜெம்" என்றார். எனக்குப் புரியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கெட்டைக் காட்டி, பிறகு கையைத் தாழ்த்தி ஒரு குட்டைப் பிராணியின் உயரத்தைக் காட்டி, மூக்கைச் சுருக்கி ஒரு சத்தம் எழுப்பினார். பன்றி! அவருடைய தீவில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு வாளி இருக்குமாம். மிஞ்சியது, கழுவியது எல்லாம் அதில். அந்தக் கழனிக்குப் பெயர்தான் லவாஜெம். வாளியைத் தூக்கிக்கொண்டு போவது வீட்டில் கடைக்குட்டியான இவருடைய வேலை. வழியில் சிந்தினால் அடி விழுமாம். "உன் கவ், என் பிக்" என்றார். பசுவையும் பன்றியையும் ஒரே மூச்சில் சொன்னது முனியம்மா அக்காவின் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! லூர்தம்மா சிரித்தார். இருமும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் முகம் பழையபடி கறாராகிவிட்டது. இங்கே பசுவும் இல்லை, பன்றியும் இல்லை, மெஷின்தான் தின்கிறது. மெஷின் தண்ணி குடிக்காது என்றார். மேலே போய் ஒரு வடிகட்டியும் பழைய செய்தித்தாள் கட்டும் கொண்டுவந்தார். தோலை வடிகட்டி, காகிதத்தில் சுருட்டி வைக்க வேண்டும், அப்போது உறையாது, ஒட்டாது. எப்படி மடிப்பது என்று காட்ட ஆரம்பித்தார். நான் தாளை வாங்கினேன். அப்பா கடையில் கடலைக்கும் பருப்புக்கும் பொட்டலம் மடித்த கை இது. அடியை மடக்கி, ஓரத்தைச் செருகி, அவர் ஒன்று மடிப்பதற்குள் நான் வரிசையாக அடுக்கிவிட்டேன். லூர்தம்மா ஒன்றை எடுத்து, கவிழ்த்து, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிரியவில்லை. "எனக்கும்" என்றார்.

அதிலிருந்து மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பொட்டலம் மடிப்பது என் பொறுப்பானது. செவ்வாய்க்கிழமை மாலை லூர்தம்மா தன் வீட்டுத் தோலையும் எலும்பையும் பொட்டலமாகக் கொண்டுவந்து படியில் வைப்பார். இரண்டையும் சேர்த்து, விரிசல் விட்டதற்குப் பதிலாக நகராட்சி கொடுத்த புதுத் தொட்டியில் அடுக்கி நான் தெருவில் வைப்பேன். சில நாள் படியில் ஒரு பொரித்த மீன் துண்டும் கூடவே வந்திருக்கும். இவ்வளவு நெருங்கியும் வீட்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மார்ச் வந்தது, போனது. மகன் ஒருநாள் டேப்பை வைத்துச் சுவரை அளந்துவிட்டுப் போனார். சேகர் கைபேசியில் வேறு வீடு தேட ஆரம்பித்தார். "கேக்கட்டாங்க?" என்றேன். "வாணாம். கேட்டா இல்லன்னு சொல்லிடுவாங்க. கேக்காத வரிக்கும் இருக்கலாம்" என்றார். அந்த மாதம் முழுக்க நாங்கள் இருவரும் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடியிருந்தோம்.

ஏப்ரல் கடைசியில், பனியெல்லாம் கரைந்து மண் கண்ணில் பட்ட ஒரு சனிக்கிழமை, லூர்தம்மா எங்கள் இருவரையும் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே வேலி ஓரமாக நீளவாக்கில் ஒரு மேடு இருந்தது. குளிர்காலம் முழுக்க அதை நான் எருக்குழி என்றுதான் நினைத்திருந்தேன். பாதி சரி. மேலே மக்கின இலையும் எருவும், அதற்குக் கீழே ஒரு பழைய கம்பளம், அதற்கும் கீழே பலகை. பலகையை எடுத்தால் உள்ளே ஒரு மரம் படுத்திருந்தது. அத்தி மரம், எங்கள் மகளின் உயரத்தில் இரண்டு மடங்கு இருக்கும். கிளைகளையெல்லாம் கயிற்றால் கட்டி, பள்ளத்தில் கிடத்தியிருந்தார்கள். இந்தக் குளிரை அத்தி தாங்காதாம். அதனால் அக்டோபர் கடைசியில் ஒரு பக்கத்து வேரை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிடுவார்களாம். மறுபக்கத்து வேர் மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, மரத்தை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்து, எருவைப் போர்த்திவிடுவார்களாம். வசந்தத்தில் எழுப்பி நிறுத்துவார்களாம். வருஷா வருஷம் இப்படி. லூர்தம்மாவின் கணவர் ஊரிலிருந்து குச்சியாகக் கொண்டுவந்த மரம். அவர் போன பிறகு மகன்தான் செய்துகொடுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

சேகர் பள்ளத்தில் இறங்கினார். நான் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். ஈர மண் வாசனை மூக்கில் ஏறியது. "மெதுவா, மெதுவா, அந்தாண்ட வேர் அறுந்துடப் போவுது" என்று சேகர் சொல்ல, "ஸ்லோ, ஸ்லோ" என்று லூர்தம்மா சொல்ல, இரண்டும் ஒரே சொல்லாகக் காதில் விழ, மரம் முனகிக்கொண்டே எழுந்து நின்றது. வெட்டுப்பட்ட பக்கத்தில் வேர் நுனிகள் மொட்டையாக இருந்தன. மண்ணைத் தட்டிப் பார்த்தேன், அந்த மொட்டையிலிருந்து வெள்ளையாக நூல் நூலாகப் புது வேர் எட்டிப்பார்த்தது. சேகர் எருவைத் தள்ளி மிதித்தார். மரம் நேராக நிற்கவில்லை. இத்தனை மாதம் படுத்திருந்த பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. முட்டுக்கொடுத்து நிமிர்த்தவா என்று கேட்டேன்.

லூர்தம்மா வேண்டாம் என்று கையை அசைத்தார். "அது அப்படித்தான். சாய்ந்துதான் நிற்கும். சாய்ந்தாலும் காய்க்கும்" என்றார். பிறகு மண்வெட்டியைச் சேகர் கையிலிருந்து வாங்கி, மண்ணைத் துடைத்து, வேலியில் சாத்தியபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "அக்டோபரில் நீங்கள் இரண்டு பேரும்தான் படுக்கவைக்க வேண்டும். என் மகனுக்கு இந்த மரத்தைப் பிடிக்காது. அவன் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சேகர் என்னைப் பார்த்தார். "அக்டோபர்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அவர் பள்ளத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மரத்தை விடவில்லை. விட்டால் விழுந்துவிடும் என்று இல்லை, மண் இறுகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் அறுந்தும் ஒரு பக்கம் பிடித்தும் நிற்கிற அந்த மரத்தில், நானும் அதன் சாய்வுக்குக் கொஞ்சம் சாய்ந்து, தோளைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.